சொட்டும் குழாயும் அதற்குரிய கருவியும்

இல்லத்தில் ஏற்படும் பழுதுகளில் மிகச் சிறியது எது என்று கேட்டால், குழாய் சொட்டுவதுதான் என்று பலரும் சொல்லக்கூடும். கூரை ஒழுகினால் உடனே ஆளைத் தேடுகிறோம். மின்விளக்கு அணைந்தால் அன்றே சரிசெய்கிறோம். குழாய் சொட்டினாலோ, அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த வாளியே பல வீடுகளில் நிரந்தரமாகிவிடுகிறது.

நாம் வாழும் தூத்துக்குடியிலோ தண்ணீரை அவ்வாறு எண்ணிவிட இயலாது. கடலோர நகரம் இது. நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணி நீரே இவ்வூரின் உயிர்நாடி. 'நல்ல தண்ணீர்' என்றும் 'உப்புத் தண்ணீர்' என்றும் இருவகையாகப் பிரித்துப் பேசுவது இங்கே குழந்தைக்கும் பழக்கம். நம் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டத் தொடங்கியபோது, ஒரு நாள் இரவு 10 மணிக்கு வாளியை வைத்துக் காலை 6 மணிக்கு அளந்து பார்த்தோம். ஏழு லிட்டர் இருந்தது. அப்படியானால் நாளொன்றுக்கு 21 லிட்டர். ஆண்டுக்கு ஏழாயிரம் லிட்டருக்கும் மேல். நொடிக்கு ஒரு சொட்டுதானே என்று இருந்துவிட்டால் இதுதான் கணக்கு.

ஆனால் நம்மை வருத்தியது தண்ணீர்க் கணக்கு மட்டுமன்று. நம் தாயாருக்கு வயது 84. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துவிட்டன. குழாய் சொட்டுகிறதே என்று வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் அதை முன்னிலும் இறுக்கி மூடலாயினர். இறுக்கிய குழாயை அந்தக் கைகளால் திறக்க முடியவில்லை. ஒரு நாள் நாம் வெளியே சென்று மாலையில் திரும்பியபோது, அவர் முகங்கூடக் கழுவாமல் நாற்காலியில் அமர்ந்திருந்தார். "குழாயத் திறக்கப் பார்த்தேன்யா, கை வரல. நீங்க வரட்டும்னு இருந்துட்டேன்" என்றார், குறைகூறும் தொனியே இல்லாமல். நாம் கருவி தேடிப் புறப்பட்டது அதன் மறுநாள்தான்.

வீடு 1958இல் கட்டப்பட்டது. குளியலறைக் குழாய் அன்று பொருத்தியதே. கனத்த பித்தளையில், சிலுவை வடிவக் கைப்பிடியுடன் கூடியது. இப்படிப்பட்ட குழாயின் உள்ளமைப்பை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கைப்பிடியைத் திருகும்போது உள்ளிருக்கும் தண்டு மேலும் கீழும் நகர்கிறது. தண்டின் அடியில் ஒரு சிறு தட்டு; அதில் பொருத்தியது வாஷர். குழாயின் வயிற்றுக்குள் வட்டமான துளையைச் சுற்றிச் சற்றே உயர்ந்த ஒரு பித்தளை விளிம்பு உண்டு. பிட்டர்கள் அதனை 'சீட்' என்பர். நாம் இருக்கை என்று அழைப்போம். வாஷர் அந்த இருக்கையின்மேல் சமமாகப் படிந்தால் நீர் நிற்கும். அவ்வளவுதான் தத்துவம்.

குழாய் சொட்டினால் வாஷரை மாற்று என்பது எவரும் அறிந்த மருத்துவம். பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிப் போட்டு ஓராண்டு ஓட்டிய இல்லத்தரசிகளை நாம் அறிவோம். நம் வீட்டிலும் பிளம்பர் தம்பி ஒருவர் வந்து வாஷர் மாற்றினார். மூன்று வாரம் சொட்டவில்லை; பிறகு சொட்டியது. மீண்டும் மாற்றினார். இம்முறை பத்து நாட்களே தாங்கியது.

காரணம் இதுதான்: வாஷர் சற்றுத் தேய்ந்திருக்கும் காலத்தில், அழுத்தத்துடன் வரும் நீர் அந்த மெல்லிய இடைவெளி வழியே பீறிட்டுச் செல்கிறது. அதில் கலந்துள்ள மணற்பொடி பித்தளையை அரம்போல் அராவுகிறது. நாளடைவில் இருக்கையின் விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு பள்ளம் விழுகிறது. அதன்பின் எத்தனை புது வாஷர் போட்டாலும் அந்தப் பள்ளம் வழியே நீர் கசியும். இறுக்க இறுக்க, விளிம்பின் கூர்மை வாஷரையே வெட்டிவிடும். அதாவது நோய் வாஷரில் இல்லை, இருக்கையில் இருக்கிறது.

பிளம்பர் தம்பி நல்லவர், உழைப்பாளி. அவர் சொன்ன வழி வேறு. "சார், இந்தக் குழாயைக் கழற்றினா உள்ளே இருக்கிற ஜி.ஐ. எல்போ கையோட வந்துடும். செவரை உடைச்சு பைப் எல்லாத்தையும் பிளாஸ்டிக்கா மாத்திடலாம். அம்பதாயிரத்துக்குள்ள முடிச்சுத் தாரேன்" என்றார். அவர் கூறியதில் பாதி உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. இரும்புக் குழாய்க்குத் துத்தநாகப் பூச்சு உண்டுதான். எனினும் உப்பு நீர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடியபின், சுவருக்குள் இருக்கும் மரைகள் துருப்பிடித்து ஒட்டி, பிஸ்கட் போல் நொறுங்கும் நிலையில்தான் இருக்கும். குழாயை வேரோடு திருகினால் சுவருக்குள் முறியும். முறிந்தால் சுவரை உடைத்தே ஆக வேண்டும். அச்சுவரில் பதித்த ஓடுகளுக்கு இணை இன்று எக்கடையிலும் இல்லை.

ஆனால் குழாயைக் கழற்றாமலே, அது இருக்குமிடத்தில் வைத்து இருக்கையைச் சீவிச் சமப்படுத்தக் கூடுமாயின்? அதற்கென ஒரு கருவி உண்டு என்பது நம் நினைவில் இருந்தது. சிறுவயதில் நம் தந்தையார் காலத்தில் ஒரு பிட்டர் அதனைப் பயன்படுத்தியதைக் கண்டிருக்கிறோம். 'சீட் கட்டர்' என்பது அதன் பெயர்.

கடைத்தெருவில் முதற்கடையில் இருந்த இளைஞர் அப்பெயரைக் கேட்டு, மாவாட்டும் எந்திரத்துக்கா என்று வினவினார். இரண்டாவது கடையில் புதுக்குழாயே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாவது பழைய கடை. அண்ணாச்சி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "அதெல்லாம் வித்த காலம் போச்சுங்க. வாஷர் விலைக்குக் குழாயே கிடைக்கிறப்ப யாரு சீட் அறுக்கா?" என்றார். வாஷர் விலைக்குக் குழாய் கிடைப்பதில்லை. எனினும் அவர் சொன்ன பொருள் விளங்கிற்று.

இதற்கிடையே நம் சகோதரியின் மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, கேட்டுக்கொண்டபடி ஒரு கருவி வாங்கி வந்தான். பளபளப்பான பெட்டி, பலவகை முனைகள். ஆனால் நம் குழாயின் வாயில் அது கவ்வவில்லை. இங்கேதான் கருவி தேடுவோர் அறிய வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது.

மரை என்பது எங்கும் ஒன்றன்று. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் 1841இல் மரைகளுக்கு ஒரே ஒழுங்கை முன்மொழிந்தார். மரையின் பற்கள் 55 பாகைக் கோணத்தில் அமையவேண்டும் என்பது அவர் வகுத்தது. அமெரிக்கர்கள் பின்னர் 60 பாகையைக் கைக்கொண்டனர். அரை அங்குலக் குழாய்க்கு இருவர் மரையிலும் அங்குலத்திற்கு 14 சுற்றுகள்தாம். ஆனால் கோணமும் விட்டமும் மாறுபடுவதால் ஒன்று மற்றொன்றில் ஓரிரு சுற்று ஏறிவிட்டு அடம்பிடிக்கும். வலிந்து திருகினால் இரண்டும் கெடும். நம் நாட்டுத் தண்ணீர்க் குழாய்கள் ஆங்கிலேயர் மரையைப் பின்பற்றியவை, இன்றும் அப்படியே. அமெரிக்கக் குழாய்கள் பலவற்றில் இருக்கையே தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது என்பதையும் அந்தப் பெட்டியைக் கொண்டே அறிந்தோம். இருக்கையின் துளை சதுரமாகவோ அறுகோணமாகவோ இருந்தால் அது கழலும். அதற்கெனப் படிப்படியாகப் பருக்கும் ஒரு தடி உண்டு. துளை வட்டமாக இருந்தால் கழலாது, சீவத்தான் வேண்டும். நம் குழாயின் துளை வட்டமே.

இன்னொரு வேடிக்கை: 'அரை அங்குலக் குழாய்' என்கிறோமே, அதன் மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். அரை அங்குலம் என்பதோ 12.7 மில்லிமீட்டர். அந்தப் பெயர் பழங்காலத்து இரும்புக் குழாயின் உள்துளையைக் குறித்தது. குழாயின் சுவர் பின்னர் மெலிந்தும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அளவுகோலை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வோர் ஏமாறுவது இதனால்தான். பழைய துண்டைக் கையோடு எடுத்துச் செல்வதே மேல்.

ஸ்பானர் கதையும் இதுவே. நம் நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. நடைமுறையில் பரவ மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1958இல் பொருத்திய குழாயின் தலைத்திருகு அங்குல அளவினது. நம்மிடமிருந்த 22 எண் ஸ்பானர் அதில் நுழையவில்லை. 24 எண் நுழைந்து ஆடியது. ஆடும் ஸ்பானரால் திருகினால் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். அதன்பின் எந்தக் கருவியும் பிடிக்காது. பழைய விட்வொர்த் ஸ்பானர்களில் மற்றொரு குழப்பம்: அவற்றின்மேல் பொறித்த எண் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று, அது திருகும் போல்ட்டின் தடிமனைக் குறிப்பது. ½ என்று பொறித்த ஸ்பானரின் வாய் ஏறக்குறைய 23.4 மில்லிமீட்டர் அகலம். நம் குழாய்க்கு ஏற்றது அதுவே. ஆனால் அது நமக்கு எங்கே கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

நம் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி, பஞ்சாலையில் பிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. பழைய கடை அண்ணாச்சிதான், நாம் படியிறங்கும்போது, "அவருகிட்டக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லியனுப்பினார். கருவிகளின் பெயர்களைச் சொன்னதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. கட்டிலுக்கடியில் இருந்த மரப்பெட்டியை இழுக்கச் சொன்னார். எண்ணெய்த் துணியில் சுற்றியவற்றைக் கையால் தடவித் தடவி எடுத்து, "இதுதானே தம்பி?" என்று நீட்டினார். அதுவேதான். ஸ்பானரும் அதே பெட்டியில் இருந்தது. எடுத்துச் செல்லலாமா என்று கேட்டோம். "கருவி மட்டும் போனா என்ன ஆகும்? நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் காலை ஆட்டோவில் அழைத்து வந்தோம். பிளம்பர் தம்பியையும் வரச்சொல்லியிருந்தோம். கைப்பலம் அவரிடம், அறிவு பெரியவரிடம் என்பது நம் எண்ணம். இருவரும் முதலில் ஒருவரையொருவர் அவ்வளவாக விரும்பவில்லை.

முதல் தடை மேல்தொட்டியில் இருந்தது. நீரை நிறுத்தும் வால்வு பல ஆண்டுகள் திருகப்படாமல் இறுகிப்போயிருந்தது. அதை வலிந்து திருப்பினால் அதன் தண்டு முறியும் என்றார் பெரியவர். துணி சுற்றிய ஒரு மரக்கட்டையைத் தொட்டிக்குள் இறங்கும் துளையில் அடைத்து நீரை நிறுத்தினோம். வீட்டில் இப்படி ஒரு மரக்கட்டை செய்து வைத்திருப்பது ஆயிரம் ரூபாய் வால்வைவிட நம்பிக்கையானது.

இரண்டாவது, தலைத்திருகைக் கழற்றுவது. "முதல்ல குழாயைத் திறந்து வை" என்றார். மூடிய நிலையில் கழற்றினால் தண்டு இருக்கையை அழுத்திக்கொண்டிருக்கும், மரை கெடும். பிறகு பைப் ரிஞ்சு ஒன்றை, தோல்துண்டு சுற்றி, குழாயின் உடலில் மாட்டி ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். மற்றவர் ஸ்பானரால் தலைத்திருகைத் திருக வேண்டும். ஒரு கை மட்டும் திருகினால் அந்த முறுக்கம் முழுவதும் சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த எல்போவின்மேல் விழும். இரு கைகள் எதிரெதிராக நின்றால் முறுக்கம் குழாயளவிலேயே அடங்கிவிடும். ரிஞ்சின் பற்களைத் தலைத்திருகில் போடவே கூடாது என்பதும் அவர் கட்டளை. ரிஞ்சு உருண்டையைப் பிடிப்பதற்கு. ஸ்பானர் மூலையைப் பிடிப்பதற்கு.

திருகு அசையவில்லை. கொதிநீரில் தோய்த்த துணியைச் சுற்றி வைத்து, மண்ணெண்ணெய் சில துளிகள் விட்டுக் காத்திருந்தோம். நம் தாயார் அனைவருக்கும் காப்பி கொடுத்தனுப்பினார். காப்பி முடியும்வரை பெரியவர் யாரையும் குழாயைத் தொட விடவில்லை. பிறகு தம்பி ஸ்பானரை அழுத்தியபோது 'கிரீச்' என்ற ஒலியுடன் இளகியது. சுவர் பக்கம் ஒன்றும் அசையவில்லை என்று கண்டபின்தான் நாம் மூச்சு விட்டோம்.

பெரியவர் சுண்டுவிரலை உள்ளே விட்டு விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. தம்பியின் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். "ஆமா தாத்தா, இருக்கு" என்றார் தம்பி. அதற்கு முன்புவரை அவர் பெரியவரை 'தாத்தா' என்று அழைக்கவில்லை.

கருவி எளிமையானது. ஒரு பித்தளைப் புஷ். அதன் புறமரை, தலைத்திருகு இருந்த இடத்தில் பொருந்தும். புஷ்ஷின் நடுவே ஓர் எஃகுத் தண்டு. கீழ்முனையில் பற்கள் வெட்டிய வட்டத்தகடு, மேல்முனையில் குறுக்குப் பிடி. புஷ் நேராக ஏறியிருந்தால் தண்டு கோணாது. தண்டு கோணாவிட்டால் இருக்கை சமமாகச் சீவப்படும். அமெரிக்கக் கருவியில் பொருந்தாமற்போனது இந்தப் புஷ்தான். புஷ் பொருந்தாமல் கையளவில் சீவினால் ஒருபுறம் பள்ளமாகி, குழாய் முன்னிலும் கேடாகிவிடும்.

"அழுத்தாதே. கையின் கனமே போதும். சுத்தமாக் கேட்டுக்கிட்டே சுத்து" என்றார் பெரியவர். கண் தெரியாதவர் செவியால் வேலை வாங்கினார். முதல் சுற்றில் 'டக் டக்' என்று விட்டுவிட்டு ஒலித்தது. பள்ளமான இடத்தில் பல் தொடவில்லை என்று பொருள். நான்கைந்து சுற்றுகளுக்குப்பின் ஒலி ஒரே சீராக, பட்டுத்துணியை இழுப்பதுபோல் ஆயிற்று. "போதும், நிறுத்து." இருக்கையில் உள்ள உலோகம் ஒன்றும் வற்றாத சுரங்கமன்று, தேவைக்குமேல் ஒரு சுற்றும் சீவலாகாது.

அடுத்து அவர் கேட்டது நாம் எதிர்பாராதது. சீவிய துகளை ஒரு வெள்ளைத்தாளில் கொட்டி, "என்ன நிறம்?" என்றார். மஞ்சள் என்றோம். "பொன்மஞ்சளா, செம்பு நிறமா?" பொன்மஞ்சளே. அவர் தலையசைத்தார். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு நீரில் நெடுங்காலம் கிடந்தால், சில பித்தளைகளிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து போய், செம்பு நுரைபோல் எஞ்சும். அப்படியாயின் எந்தக் கருவியாலும் பயனில்லை. சுவரை உடைப்பதே வழி. ஆக, ஐம்பதாயிரம் ரூபாய்ச் செலவா இல்லையா என்பது அந்தத் துகளின் நிறத்தில் இருந்தது.

மரக்கட்டையை ஒரு கணம் தளர்த்தி, நீரைப் பாய்ச்சித் துகள்களைக் கழுவினோம். விளக்கெண்ணெயில் ஊறிய தோல் வாஷர் பொருத்தப்பட்டது. ரப்பரைவிடத் தோலே மேல் என்பது பெரியவர் கொள்கை. ரப்பர் எளிதில் கிடைக்கும் என்பது தம்பியின் கட்சி. இதில் நாம் தீர்ப்புக் கூறவில்லை. தண்டின் கழுத்தில் நீர் கசியாதிருக்க, பழைய பொதியை நீக்கி, கொழுப்புத் தடவிய பருத்தி நூலை வலஞ்சுழியாகச் சுற்றி அழுத்தினார்கள். அக்காலத்தில் குழாய் மரைகளில் சணலும் வெள்ளைக் காரீயப் பசையும் இட்டு இறுக்குவர். காரீயம் நஞ்சு என்பதால் அதனை விட்டதே நன்று. இன்று அனைவரும் சுற்றும் வெண்ணிற டெப்லான் நாடா, 1938இல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட ஒரு பொருளில் ஆனது.

புதுக்குழாய்களே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கால் சுற்றில் திறந்து மூடும் நெம்புகோல் குழாய்கள் முதியோர் கைகளுக்கு உண்மையிலேயே இதமானவை. அண்மையில் பிளாஸ்டிக் குழாய் போட்ட அடுக்களையில் அதனையே பொருத்தியிருக்கிறோம். ஆனால் அவற்றின் உள்ளே இருக்கும் பீங்கான் தட்டுகளில் மணல் சிக்கினால் கீறல் விழும். கீறினால் உள்ளுறுப்பையே மாற்ற வேண்டும், அதே அளவு அதே கடையில் கிடைத்தால். வாங்கும்போதே ஓர் உள்ளுறுப்பை உபரியாக வாங்கி வைப்பது நலம்.

அன்று மாலை நம் தாயார் குளியலறைக்குச் சென்றார். வெளியே நின்று கேட்டோம். நீர் ஓடும் ஒலி எழுந்தது. சிறிது நேரத்தில் நின்றது. இரு விரல்களால் மூடினாராம். நின்றபின் சொட்டு விழவில்லை. இதை எழுதும்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

பெரியவர் கூலி பெற மறுத்துவிட்டார். கருவியைத் திருப்பிக் கொண்டுசென்றபோது, அதைப் பிளம்பர் தம்பியிடம் கொடுத்துவிடச் சொன்னார். தம்பி இதுவரை எங்கள் பகுதியில் பதினோரு வீடுகளில் அதனைப் பயன்படுத்தியிருக்கிறார். இரண்டு வீடுகளில் துகள் செம்பு நிறமாக வந்தது. அவற்றில் சுவரை உடைத்தார்கள். சென்ற வாரம் ஒரு வீட்டில் தோட்டத்துக் குழாய் முக்கால் அங்குலமாய் அமைந்துவிட்டது. பெட்டியில் அந்த அளவுக்குப் புஷ் இல்லை. பஞ்சாலையில் பெரியவருடன் பணியாற்றியவர் ஒருவர் கோவில்பட்டிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை நாமும் தம்பியும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.